முத்தநாதன் கொணர்ந்த நூல்

திருத்தொண்டர் புராணத்துள் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு சைவ நன்மக்களால் பெரிதும் ஓதப்படுவது. ஓதப்படும் அளவினும் மிகுதியாகத் தவறான இடங்களில் எடுத்தாளப்படுவது. திருநீறும் சடைமுடியும் உடையராய் வந்தார் ஒருவர் கூறும் பொருளைச் சாத்திரத்தோடு வைத்து நோக்குதற்கு யாரேனும் புகுவாராயின், உடனே இவ்வரலாறு அவர்முன் வைக்கப்படும். 'மெய்ப்பொருளார் ஆராய்ந்தாரோ? வேடத்தைக் கண்டார், வணங்கினார், உயிரையுங் கொடுத்தார். ஆராய்தற்கு நீவிர் யார்?' என்பர். இவ்வினாவின்முன் கற்றாரும் நாணி வாய் மூடுதல் உண்டு. நாயனாரது செயலைக் குறைகூறியதாக முடியுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆயின் சேக்கிழார் பெருமான் அவ்வாறு கூறினாரா என்பதனைச் செய்யுட்களை வைத்துப் பார்த்தவர் சிலரே.

வரலாறு யாவரும் அறிந்தது. சேதி நாட்டுத் திருக்கோவலூரிலிருந்து அரசு செய்த மலாடர் கோமான் மெய்ப்பொருளார், தம் செல்வமெல்லாம் சிவனடியார்க்கு உரியன என்று கருதி வாழ்ந்தவர். அவரைப் போரில் வெல்ல இயலாது பன்முறை தோற்ற முத்தநாதன், வஞ்சனையால் வெல்ல எண்ணி, உடம்பெங்கும் நீறு பூசிச் சடை முடித்து, படைக்கலத்தைச் சுவடிக் கட்டினுள் மறைத்து, இரவில் அரண்மனை புகுந்தான். வாயில்தோறும் காவலர் கைகூப்பி வழிவிட்டனர். கடைவாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, அரசர் துயில்கின்றார், காலம் அறிந்து புகுதல் வேண்டும் என்று கூறித் தடுத்தான். முத்தநாதன் அவனையும் கடந்து உட்புகுந்தான்.

அவன் வேடம் பூணுதலைக் கூறும் செய்யுளில் ஆசிரியர் வைத்த உவமை ஒன்று உண்டு. மையை உள்ளே பொதிந்துள்ள விளக்கினைப் போல என்பது அது. பசுத்தோல் போர்த்த புலி என்றாற்போல வழக்கிலுள்ள உவமைகள் பல இருப்பவும் அவற்றை விடுத்து விளக்கினைக் கூறியது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. பசுத்தோல் புலியின்மேற் கிடக்கும்போது பசுவின் பயன் யாதொன்றும் தருவதில்லை. விளக்கோ எனின், அகத்தே கருமை இருப்பினும் புறத்தே அது தரும் ஒளி பொய்யொளி அன்று. அவ்வொளியில் பொருள்கள் விளங்கவே செய்யும். கருமை முத்தநாதனுடையது, ஒளி திருவேடத்தினுடையது. இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்தும் வேறு பிரித்தும் காட்டுதற்கு இதனினும் ஏற்ற உவமை கிடைத்தல் அரிது. அச்செய்யுள் உடம்பினைக் குறிக்கும் 'மெய்' என்னுஞ் சொல்லோடு தொடங்கி, ஈற்றடியில் 'பொய்' என்னுஞ் சொல்லை வைத்து நடத்தலும் நோக்குக.

இதனினும் சிறந்த குறிப்பு ஒன்றுண்டு. முத்தநாதன் பூண்ட போது அதனைப் 'பொய்தவ வேடம்' என்றார் ஆசிரியர். நாயனார் குத்துண்டு வீழும்போது வணங்கிய அதே வேடத்தை 'மெய்த்தவ வேடம்' என்றார். நீறு மாறவில்லை; சடை மாறவில்லை; உடுத்தவனும் மாறவில்லை. எனின் பெயர் மாறியது எதனால்? பூண்டவன் சார்பில் நோக்கும்வழிப் பொய்; தொழுதவர் சார்பில் நோக்கும்வழி மெய். சேக்கிழார் சொற்களைக் கணக்கிட்டு வைப்பவராதலின் இஃது ஓசை நிரப்புதற்கு வந்த வேறுபாடு என்று கொள்ளுதற்கு இடமில்லை.

இனி, முத்தநாதன் கூறிய பொய்யினை ஆராய்தல் வேண்டும். அரசரது உயிரைக் கவர வந்தவன் பொன்னையோ மருந்தையோ காட்டாது நூலைக் காட்டினான். முன்னாளில் இறைவன் அருளிச் செய்த ஆகமங்களுள் மண்ணுலகில் எங்கும் இல்லாத ஒன்றனைக் கொணர்ந்ததாகக் கூறினான். அறிவு வேட்கையுடைய அன்பர் ஒருவரை ஈர்ப்பதற்கு இதனினும் வலிய வலை இல்லை. அப்பொய் முழுப்பொய்போல் தோன்றாமைக்கும் காரணம் உண்டு. சைவாகமங்கள் காமிகம் முதல் வாதுளம் ஈறாக 28. அவற்றுள் சிவபேதம் 10, உருத்திரபேதம் 18. இவற்றின் வழிப்பட்ட உபாகமங்கள் 207 என எண்ணுவர். இத்துணை நூல்களும் ஓரிடத்தே ஒருவர் கையில் இருந்த காலம் உண்டென்று கூறுதற்கில்லை. 1955 ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள்மார் இல்லங்களிலும் இருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்தனர். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. அத்துணைத் தேட்டத்தின் பின்னும் மூலாகமங்கள் யாவும் முழுமையாகக் கைக்கு எட்டிவிடவில்லை. ஆகவே எங்கும் இல்லாத ஆகமம் ஒன்று ஒருவர் கையில் இருத்தல் கூடாததன்று. கூடுவதாகிய ஒன்றன்மேல் நிற்பதனாலேயே அப்பொய் உயிர் பெற்றது. பொய்க்கு மெய்யின் துணையின்றி நடக்கும் ஆற்றல் இல்லை.

அற்றேல் அத்தகைய நூலொன்று வந்தவிடத்து அதனை ஏற்றற்கும் தள்ளுதற்கும் அளவுகோல் யாது? சிவஞான சித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்தே அருணந்தி சிவாசாரியார் அளவை இயலை வைத்தது இதன்பொருட்டேயாம். அளவைகளை ஆறென்பாரும் பத்தென்பாரும் அவற்றின் மிகுப்பாரும் உளராயினும் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று நிறுவி, உரையளவையைத் தந்திரம், மந்திரம், உபதேசம் என மூவகைப்படுத்தார். அவற்றுள் தந்திரமாவது, அனாதியே மலமற்ற அறிவனாகிய இறைவனது நூலை, முன்னும் பின்னும் முரண்படாதவாறு கொண்டு ஒழுகுதல் என்பது அவர் கருத்து. 'இறைவன் கூறினான்' என்று ஒருவன் சொல்லுதல் மட்டும் அளவை ஆகாது. முன்பின் மாறுகோளின்மை என்னும் உரைகல்லில் அது தேய்க்கப்படல் வேண்டும். புதிதாக வந்த ஓலை முன்னர் வந்த ஓலைகளோடு முரணுமாயின், கொணர்ந்தவர் எத்துணைப் பெரியவராயினும் ஓலைக்கு மதிப்பில்லை.

இவ்வுரைகல்லைப் பயன்படுத்துதற்கு முதற்கண் நூல் திறக்கப்படல் வேண்டும். முத்தநாதன் கட்டு இறுதிவரை திறக்கப்படவே இல்லை. சுவடியை அவிழ்ப்பவன்போல நடித்தான் என்றே ஆசிரியர் கூறினார், அவிழ்த்தான் என்றிலர். அவ்விடத்தே அவன் உருவிய படைக்குப் 'பத்திரம்' என்னுஞ் சொல்லை வைத்தார். பத்திரம் என்பது ஏட்டிற்கும் பெயர், படைக்கலத்திற்கும் பெயர். ஏட்டினை எதிர்நோக்கிக் குனிந்தவர்க்கு வாய்த்த பத்திரம் இது என்னும் அவலம் அவ்வொரு சொல்லில் அடங்கியது. அதன்பின் நிகழ்ந்த கொடுமையைக் கூறவும் ஆசிரியர் நா எழாது, தான் முன் நினைந்ததனையே செய்தான் என்று மறைத்துக் கூறிச் சென்றார்.

சைவ நூல்கள் உலகத்தார்முன் நிறுவப்பெற்ற முறையை இதனோடு ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு நன்கு விளங்கும். மதுரையில் பாண்டியன் அவையில், அரசனும் அரசியும் அமைச்சரும் மாறுபட்ட கொள்கையினரும் காண, திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு தீயில் இடப்பட்டது. திருப்பாசுரம் எழுதிய ஏடு வையையில் இடப்பட்டு, நீரை எதிர்த்து ஏடகம் சென்றது. ஞானசம்பந்தப் பிள்ளையார், அரசனைத் தனியிடத்திற்கு அழைத்து நூல் காட்டினாரல்லர். அரசியை விலக்கச் சொன்னாரல்லர். மங்கையர்க்கரசியார் அவ்விடத்திருந்தமையே அவ்வரலாற்றுக்கு அணியாயிற்று. தில்லையில் மூவர் தமிழ் வெளிப்பட்ட வரலாறும் அத்தகையதே. சோழ மன்னன் முன்னிலையில் அறை திறக்கப்பட்டது. செல்லரித்தன போக எஞ்சியன எடுக்கப்பட்டன. நம்பியாண்டார் நம்பியால் முறைப்படுத்தப்பட்டன. மெய்ந்நூல் தீக்கும் நீருக்கும் செல்லுக்கும் தன்னை ஒப்புவித்து நிற்க, முத்தநாதன் நூல் ஒரு பெண்மணியின் கண்ணுக்கு அஞ்சிற்று.

ஆகமப் பொருள் பக்குவர்க்கே மறைவாக உணர்த்தப்படுதல் மரபன்றோ, தனிமையை வேண்டியது குற்றமாமாறு யாங்ஙனம் எனின், அறியாது கடாயினாய். தீக்கை முறையில் மறைத்தல் பொருளின் அருமை கருதியது. அங்கு ஆசிரியர் மாணாக்கனை நெடிது ஆராய்கின்றார். மாணாக்கனும் ஆசிரியரை அறிந்து அடைகின்றான். நள்ளிரவில், முன்பின் அறியாத ஒருவர், அப்பொழுதே கேட்டல் வேண்டும் என விரைவித்து, உடனிருப்பாரை அகற்றச் சொல்லும் மறைவு அவ்வகையினதன்று. மறைவு என்னும் பெயர் ஒன்றாயிருத்தலால் இரண்டும் ஒன்றாகா.

முத்தநாதன் வாய்மொழியிலேயே மற்றொரு குறியும் உண்டு. ஆகமத்தை அருளியவரை அவன் 'உங்கள்' தலைவர் என்று குறித்தான். சிவனடியார் கோலத்தோடு நிற்பவன் 'நம்' என்னாது 'உங்கள்' என்றது, பூசிய நீற்றையும் மீறி அவன் உள்ளம் வெளிப்பட்ட இடமாம். இஃது அரசரை உயர்த்திக் கூறிய உபசார வழக்கென்று ஒருவர் கூறுதல் கூடும். ஆயினும் தத்தன் வாளோடு பாய்ந்தபோது நாயனார் கூறிய சொல்லை இதன் பக்கத்தே வைத்துப் பார்க்க. அவனை 'நமர்' என்றார் அவர். நண்பன்போல் வந்தவன் 'உங்கள்' என்றான். குத்துண்டவர் 'நமர்' என்றார். புராணம் முழுவதும் இவ்விரு சொற்களுக்கு இடையே நிற்கின்றது.

இனி, வலிய தடை ஒன்று உளது. திருமூல தேவர் திருமந்திரத்து முதற்றந்திரத்தில் அரசாட்சிமுறை கூறுமிடத்து, ஞானமின்றியே சடையும் சிகையும் நூலும் கொண்டு ஞானியர்போல நடிப்பாரை, அரசன் ஞானிகளைக் கொண்டு சோதித்து அவர்க்கு ஞானம் உண்டாகச் செய்தல் நாட்டுக்கு நலம் என்று பணித்தார். ஆறாந்தந்திரத்து அவவேடம் என்னும் பகுதியிலும் அத்தகையோரது வேடத்தைக் களைவித்தல் நன்றென்றார். மெய்ப்பொருளார் அரசர். அரசர்க்கு விதித்த சோதனையை அவர் செய்திலர். எனவே, திருமூலர் ஆணையை மீறினாரை நாயனார் என்றல் எங்ஙனம்? அன்றித் திருமூலர் விதி அன்பிற்குப் பொருந்தாதது என்று கொள்ளவோ?

இரண்டும் அன்று என்க. வேடத்தை வழிபடுதல் வேறு. வேடமுடையார் கூறும் பொருளை மெய்யெனக் கொள்ளுதல் வேறு. முன்னையது வணக்கம், பின்னையது கோட்பாடு. வணக்கத்திற்குச் சோதனை வேண்டா. அது வணங்குவார் உள்ளத்தே முடிவது. கோட்பாட்டிற்கோ அளவை வேண்டும். நாயனார் செய்தது எது? எழுந்தார், கைகூப்பினார், ஆசனத்தில் இருத்தித் தாம் நிலத்திருந்தார், அருளிச்செய்க என்று வேண்டினார். இவையெல்லாம் வணக்கத்தின்பாற்பட்டன. நூலினின்று ஒரு சொல்லேனும் அவர் கேட்டாரல்லர். கேளாத ஒன்றை ஏற்றாரும் அல்லர். ஓதப்பட்டிருப்பின் அவர் என் செய்திருப்பார் என்பதனைப் புராணம் கூறவில்லை. கூறாததனை ஒருதலையாகக் கொண்டு வழக்காடுதல் நூல்நெறி அன்று. போலிக் குருவின் போதனையை ஆராயாது ஏற்றார் என்பதற்கு இவ்வரலாற்றுள் எழுத்தளவும் சான்றில்லை.

தேவியாரை அகற்ற இசைந்ததும், காவலின்றித் தனித்திருந்ததும் அரசநீதிக்குக் குறைவு என்று கூறுவார் கூற்றை முற்றும் மறுத்தற்கில்லை. தம் உயிரைத் தமதென்று எண்ணாதார் காவலை எண்ணார் என்று அமைதி கூறலாம். அது நாயனார்க்கு அமைதியாம்; நாட்டுக்கு ஆகாது. சேக்கிழாரும் இதனை மறைத்தாரல்லர். தத்தன் வாளெடுத்தமையை அவர் பழித்திலர். செய்தி அறிந்த ஊரார் முத்தநாதனைச் சூழ்ந்துகொண்டு எழுந்த சினத்தையும் பழித்திலர். அவர்தம் சினம் அறத்தின் சினமே. அரசர் ஆணை என்று தத்தன் உரைத்த பின்னரே அவர்கள் விலகினர். நாயனார் செயல் எல்லார்க்கும் விதி என்பது கருத்தாயின், தத்தனும் ஊராரும் இங்கே குற்றவாளிகளாக நிற்றல் வேண்டும், அங்ஙனம் நிறுத்தப்பட்டாரல்லர்.

சித்தியார் கூறும் காட்சி வகையால் நோக்கினும் இது தெளியப்படும். ஒன்றனை மற்றொன்றாகக் காண்டல் திரிவுக் காட்சி. முத்தநாதனை அடியார் என்று கண்டது ஆளைப் பற்றிய அளவில் திரிவே. அதனை மறுத்தால் வஞ்சனை என்னுஞ் சொல்லுக்கே பொருள் இல்லையாம். வேடத்தைச் சிவவேடம் என்று கண்டது திரிவன்று. அரசனது முத்திரை மோதிரத்தைக் கள்வன் கையிற் கண்டான் ஒருவன், மோதிரத்தை அரசனது என்றே மதிப்பன். கள்வனை அரசன் என்னான். குத்துண்ட கணத்தில் ஆளைப் பற்றிய திரிவு நீங்கிற்று. வந்தவன் பகைவன் என்பது வெளிப்படை. திரிவு நீங்கிய பின்னும் நீங்காது நின்றது எதுவோ அதுவே நாயனாரது மெய்க்காட்சி. அவரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வெல்லுதலில் மிக வல்லவர் என்று திருத்தொண்டத்தொகையுள் போற்றியதும், சேக்கிழார் அவர் வென்றார் என்று கூறியதும் இந்நிலை பற்றியே. ஏமாற்றப்பட்டமை வெற்றியாகாது. ஏமாற்றம் முழுதும் வெளியான பின்னர், அறிந்தே, தொழுதமையும் தடுத்தமையும் காத்து அனுப்பியமையும் வெற்றியாயின.

இதனை ஏனாதிநாத நாயனார் வரலாறு வலியுறுத்தும். எயினனூரில் வாட்பயிற்சி கற்பித்த ஏனாதியார், தம்மோடு தனிப்போருக்கு வந்த அதிசூரன், அதுவரை கேடகத்தால் மறைத்திருந்த நெற்றியைக் காட்ட, அதன்கண் திருநீறு கண்டு போரொழிந்தார். அங்கே ஏமாற்றம் யாதும் இல்லை. வந்தவன் அதிசூரன் என்பதும், முன்னர் ஒருபோதும் அவன் நெற்றியில் காணாத நீறு அது என்பதும் அவர்க்குத் தெரியும். தெரிந்தே நின்றார். படையில்லாதவரைக் கொன்ற பழி அவனைச் சேராதிருக்க, வாளும் கேடகமும் கைவிடாது நின்றார் என்பது அவரது அறிவு எத்துணைத் தெளிவாக இருந்தது என்பதனைக் காட்டும். சேரமான் பெருமாள் நாயனார், உவர்மண் உடம்பில் ஊறி வெளுத்த வண்ணானை வணங்கினார். அவன் அஞ்சித் தான் வண்ணான் என்று கூறவும், திருநீற்று வேடத்தை நினைப்பித்தமை கூறி அவனைத் தேற்றினார். அவனை ஆசிரியனாகக் கொண்டு உபதேசம் கேட்டாரல்லர். வேடத்தைத் தொழுவார் அறிவு மழுங்கியவர் என்னும் எண்ணத்திற்கு இவ்வரலாறுகள் இடந்தருவன அல்ல.

சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரமும் இவ்வெல்லையை உடையதே. மயக்கம் அற்று இறைவன்பால் அன்பு நிறைந்தோரின் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவபெருமானாகவே கண்டு வழிபடல் வேண்டும் என்பது அதன் கருத்து. வேடத்தை வாளா கூறாது, அஃது யாருடையது என்பதனையும் உடன் கூறிற்று. இறைவன் அடியாரிடத்துத் தயிரில் நெய்போல விளங்கியும், ஏனையோரிடத்துப் பாலில் நெய்போல விளங்காதும் நிற்பன் என்று மெய்கண்டார் எடுத்துக்காட்டியதும் நினைக. பாலிலும் நெய் உண்டு. ஆயினும் பாலைக் கையில் ஏந்தி நெய் என்று விற்பான் வணிகனல்லன். இக்காலத்து, எவர்க்கும் கிடையாத சுவடி தம்மிடத்தே உண்டென்று கூறி, அதனை எவர்க்கும் காட்டாது, அதன் பேரால் பொருளும் பணிவும் பெறுவார் பலர் உளர். அவரை வணங்குவதா என்பது அவரவர் அன்பின் பாற்படும். அவர்தம் சுவடியை அவிழ்த்து வைக்கச் சொல்லுதல் அன்பிற்கு மாறாகாது. முத்தநாதனிடத்தும் நாயனார் வேண்டியது அதுவே. நூலைச் சொல்லுக என்றே அவர் கேட்டார்.

முத்தநாதனும் வேடம் பூண்ட புண்ணியத்தால் நற்கதி பெற்றான் என்று கதைகூறுவார் சிலர் முடிப்பதுண்டு. சேக்கிழார் வாக்கில் அது காணப்படவில்லை. தத்தன் அவனை ஊரெல்லை கடத்தி, மனிதர் இயங்காத காட்டு வழியில் விட்டு மீண்டான். அவ்விடத்தோடு முத்தநாதன் பேச்சு ஒழிகின்றது. ஆசிரியர் அவனைப் பின்தொடர்ந்து சென்றாரில்லை, தத்தனோடு திரும்பி விட்டார். வந்து நின்ற தத்தன் தீங்கின்றி விட்டமை கூறக் கேட்கும் அளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தார். அவன் செய்ததனை வேறு யாரும் செய்ய வல்லாரல்லர் என்று பாராட்டினார். பின்னர் அரசுக்கு உரியாரையும் சுற்றத்தாரையும் நோக்கித் திருநீற்றின்கண் உள்ள அன்பைக் காத்து வருமாறு பணித்தார். நீறு பூசியவர் கூறுவதையெல்லாம் நம்புமின் என்று அவர் பணித்ததாக அப்புராணத்தில் ஒரு சொல்லும் இல்லை.